பச்சை நிறத்தில் எண்பத்தொன்பது

அப்பா இறந்து மூன்றரை வருஷம் கழித்து அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. நுரையீரல் பிரிவுக்குத் தாங்கள் வந்து நாளாகிவிட்டது, வரும் வியாழன் காலை பத்தரை மணிக்கு மருத்துவரைப் பார்க்க வரவும் என்று, இனிஷியலோடு முழுப் பெயரும் போட்ட குறுஞ்செய்தி. அது என் தம்பி மனைவியின் கைப்பேசிக்கு வந்தது. அப்பாவின் நம்பர் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அந்த நம்பரை விட மனசில்லாமல் தம்பி அதை அவளிடம் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனான்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் அவளும் மூன்று வயது மகனும் மட்டும்தான். செய்தி வந்த உடனே எனக்குப் போன் செய்தாள்.

"மதினி, மாமாவ வியாழக்கிழமை வரச் சொல்லுதாவ."

"யாருட்டி?"

"ஆஸ்பத்திரில இருந்து. நீங்க செஞ்சு குடுத்தீங்கள்லா, அந்த ஆஸ்பத்திரி."

நாங்கள் செய்து கொடுத்தது ஆஸ்பத்திரியை அல்ல, அங்கே ஓடும் மென்பொருளை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய செய்தி ஏதாவது சுற்றிக்கொண்டிருந்து இப்போது வந்திருக்கும், அழித்துவிடு என்றேன். "அழிக்க ஒரு மாதிரியா இருக்கு மதினி" என்றாள். எனக்குப் பொறுமை குறைவு. ஒரு மாதிரியாக இருந்தால் வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே உறைத்தது.

எங்கள் ஆபீஸ் வண்ணார்பேட்டையில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நானும் மேலப்பாளையத்துக்காரர் ஒருவரும் கூட்டு. அவர் சவூதியில், தமாமில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் போடுகிற சத்தத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்கிறோம் என்றால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாங்களே உட்கார்ந்து எழுதுகிறோம் என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் இந்த ஜென்மம் போதாது. கல்யாண வீட்டுக்குப் பந்தல் ஒருவர், பாத்திரம் ஒருவர், மேளம் ஒருவர் என்று பேசி முடிப்பதைப் போலத்தான். முகம் தெரியாத யாரோ எங்கோ எழுதி, சோதித்து, பல இடங்களில் ஓடவிட்டுப் பார்த்த பாகங்களை எடுத்து வருகிறோம். தேதியைக் கையாள ஒன்று, படம் வரைய ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. ஒன்றை எழுதியவருக்கு இன்னொன்றை எழுதியவரைத் தெரியாது. இருவருக்கும் எங்களைத் தெரியாது. அவற்றை இணைக்கும் ஒட்டு மட்டும்தான் எங்கள் கைவேலை. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் நான் எழுதியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தன.

மறுநாள் பகலில் பாய் லுகர் தொழுகைக்குப் போயிருந்தார். கீழே துணிக்கடையில் மதியக் கூட்டம் இல்லை, ரோட்டில்கூடப் பஸ் சத்தம் அடங்கியிருந்தது. அந்தச் செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்குள் போய் அப்பாவின் பெயரைத் தட்டினேன். பதிவு திறந்தது. கடைசியாக வந்த நாள் என்ற இடத்தில், ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி இருந்தது.

அடுத்த பக்கத்தில் எடை வரைபடம். அப்பா முதல்முறை போனபோது அறுபத்தொரு கிலோ. பிறகு ஐம்பத்துநான்கு. கடைசியாக நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிறுத்தியபோது நாற்பத்தேழு. எடை மெஷினில் நின்றுகொண்டு என் தோளை அவர் பிடித்திருந்த பிடி எனக்கு நினைவிருக்கிறது. கோடு அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாற்பத்தேழிலிருந்து மெல்ல, ஒரே சீராக, மாதம் மாதமாக இறங்கிக்கொண்டே போனது. முப்பது. இருபது. பதினைந்து. ஒன்பதில் போய்த் தரை தட்டியது. அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கியது. பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று.

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். வரைபடம் வரையும் பாகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது புள்ளிகளை வெட்டுவெட்டாக இணைக்காது, வளைவாக, கண்ணுக்கு இதமாக இணைக்கும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். நடுவில் இருந்த எடைகள் எதையும் யாரும் எடுக்கவில்லை, அது தானாக நிரப்பியது என்று மூளை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கண்முன்னே ஒரு மனிதர் இறந்த பிறகும் இளைத்துக்கொண்டே போய், ஒரு கைப்பிடிக்கு வந்து, திரும்ப வளரத் தொடங்கியிருந்தார்.

உட்கார்ந்து டாக்டர் குறிப்புகளைப் படித்தேன். டாக்டர்கள் பட்டியலிலிருந்து குறிப்பைத் தேர்ந்தெடுப்பார்கள், வீட்டார் படிப்பதற்காக அதைத் தமிழாக்கும் பாகம் ஒன்று தனியாக உண்டு. எல்லாரையும் அது மரியாதையாகவே எழுதும். அப்பாவின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: "பற்கள் முளைக்கின்றன. பிடித்துக்கொண்டால் நடக்கிறார். சோறு உண்ணத் தொடங்கியுள்ளார்." அடுத்த வருகையில், "ஓடி விளையாடுகிறார். இரவில் நன்றாகத் தூங்குகிறார்."

கடைசி மூன்று மாதம் அப்பா ஒரு வாய்ச் சோறு இறங்காமல் கிடந்தார். இரவில் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். "நன்றாகத் தூங்குகிறார்" என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

பாய் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யக்கா, இது உங்க வாப்பாவா?"

"பாதி வரைக்கும்."

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை விடுவது வழக்கம். தம்பிக்கு எங்கள் தாத்தா பெயர். தம்பி மகனுக்கு எங்கள் அப்பா பெயர். அதனால் அப்பாவுக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, கதவு எண்ணும் ஒன்று. அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. மாமனார் பெயர் என்பதால் தம்பி மனைவி பிள்ளையை ராசா என்றுதான் கூப்பிடுவாள். முதல்முறை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பிள்ளையின் பெயரைக் கேட்டதும் அவள் வழக்கம்போல வாயைத் திறக்காமல் தடுப்பூசி அட்டையை நீட்டியிருக்கிறாள். அட்டையில் எழுத்து அழிந்திருந்தது, போன் நம்பர் சொல்லுங்க என்றிருக்கிறார்கள். அப்பாவின் நம்பரைச் சொல்லியிருக்கிறாள்.

அந்த நம்பரை வாங்கியது, வந்திருப்பவர் பழைய நோயாளியா என்று கண்டுபிடிக்கும் பாகம். பெயரைப் பார்த்தது, ஒன்று. தகப்பன் பெயர், ஒன்று. வீடு, நம்பர், எல்லாம் ஒன்று. பிறந்த தேதியைப் பார்த்தது. அப்பாவுக்கு அவர் பிறந்த தேதி தெரியாது. கேட்டவர்களிடம் எழுபது இருக்கும் என்பார், அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. காலியாக இருந்தால் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி அதை எழுதியவர் எழுதியிருந்தார். குளிர்தேசத்தில் இருக்கும் ஒரு நல்ல மனிதர் அவர். நான் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். பொறுமையாகப் பதில் போட்டார். ஒரே வீட்டில், ஒரே முழுப் பெயரில், ஒரே தொலைபேசியோடு இரண்டு பேர், அதில் ஒருவருக்குப் பிறந்த நாளே தெரியாது என்பது மிக அபூர்வமாக நடக்கக்கூடியது, அதற்காகப் பாகத்தை மாற்ற முடியாது என்று. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு அப்படித்தான் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

பழைய பதிவு மறுபடி உயிர்பெற்றதால், போன மாதம் நாங்கள் புதிதாகச் சேர்த்த நினைவூட்டும் பாகம் விழித்துக்கொண்டது. நுரையீரல் நோயாளி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார், நுரையீரல் டாக்டரை மட்டும் பார்ப்பதில்லை. அது தன் கடமையைச் செய்து அழைப்பு அனுப்பியது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றின் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. எல்லாம் சேர்ந்த இடத்தில் யாரும் எழுதாத ஒன்று உட்கார்ந்திருந்தது.

பாய் சும்மா இருக்கவில்லை. பதிவுகள் முழுவதையும் அலசி, திடீரென்று எடை இறங்கியவர்களை எல்லாம் ஒரு பட்டியலாக எடுத்தார். திரை நிறைந்து கீழே போனது.

"எங்க வாப்பாவோட வாப்பாவும் இருக்காரு யக்கா" என்றார். "மவுத்தாகி ஏழு வருசமாச்சு. போன மாசம் சொட்டு மருந்து குடிச்சிருக்காரு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பட்டியலில் இருந்த கிழவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் தவழ்ந்துகொண்டும் பால் குடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

பிரிப்பதற்கு ஒரு கருவி எழுதினோம். யார் யார் என்று அதற்குத் தெரிய ஒரே ஒரு அடையாளம் போதும், மூத்தவர் இறந்த தேதி. அந்தத் தேதியை ஏற்றினால், அதற்கு முந்தியதெல்லாம் ஒரு பதிவு, பிந்தியதெல்லாம் இன்னொரு பதிவு. ஆஸ்பத்திரியில் சொல்லி, வீடு வீடாகப் போன் செய்து தேதி வாங்கினோம். எங்கள் ஆபீஸில் இருந்தே, வெளியே செய்தி போகும் வழியை அடைத்துவிட்டு, நாளுக்கு நாலைந்து பேராகப் பிரித்தோம். எதையும் திருத்தும்போது அந்த வழியை முதலில் அடைப்பது எங்கள் பழக்கம். பாயின் பாட்டனார் முதல் நாளே பிரிந்துவிட்டார். பட்டியல் கரைந்துகொண்டே வந்தது.

அப்பாவை மட்டும் நான் தள்ளிப்போட்டேன்.

"உங்க வாப்பாவோடது யக்கா?" என்று பாய் கேட்பார். நாளைக்கு என்பேன். நாளைக்கு என்று பத்து நாள் சொல்லியிருப்பேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. மதியம் அவர் தொழுகைக்குப் போனதும் நான் அந்தப் பதிவைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். ஓடி விளையாடுகிறார். பசி நன்றாக இருக்கிறது. ஏறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது யாருடைய எடை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த நேரத்துக்கு அப்பா எங்கேயோ தேறி வருகிறார் என்று உடம்பு நம்பியது. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கடைசியாக வந்த நாள் என்ற இடம் என் கண்முன்னே இன்றைய தேதிக்கு மாறியது. அதே நிமிஷம் கவுண்டரில் யாரோ அந்தப் பதிவைத் திறந்திருக்கிறார்கள். அப்பா வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது, பிள்ளை வந்திருக்கிறான் என்பது பிறகுதான்.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"மதினி, ராசாவுக்கு மூணு நாளா காய்ச்சல். இன்னைக்கு மூச்சு வாங்குதான். ஊர்ல டாக்டரு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு. காரு புடிச்சு நீங்க செஞ்சு குடுத்த ஆஸ்பத்திரிக்கே வந்துட்டேன். நீங்க வாங்க."

பாய் படியேறி வரும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டு அவருடைய பைக்கிலேயே போனேன். இரண்டாவது மாடியில் குழந்தைகள் பிரிவு. பயல் கட்டிலில் கிடந்தான், மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப். சளி நுரையீரலில் இறங்கிவிட்டது, ஊசி போட்டாயிற்று, ஆக்சிஜன் ஓடுகிறது, டாக்டர் வேறொரு அவசரத்துக்குப் போயிருக்கிறார் என்றார் நர்ஸ். பத்துக் கட்டில்களுக்கு அவர் ஒருவர்தான். அரை மணிக்கொரு தரம் வந்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கிளிப்பில் தெரியும் எண்ணைக் கையிலிருந்த பலகைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போவார். அந்தப் பலகையில் ஓடுவதும் எங்கள் மென்பொருள்தான். எண் சரியாக இருந்தால் பச்சை, அளவுக்குக் குறைந்தாலோ கூடினாலோ சிவப்பு, சிவப்பானால் கூவும்.

எண்பத்தொன்பது என்று ஏற்றினார். பச்சை.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயப்படாதட்டி, பச்சையாத்தான் இருக்கு என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் என்னை நம்பி, வீட்டிலிருந்து வந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொல்லிக் கீழே போனாள்.

நான் பயல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவன் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறம். அந்த நிறத்தை நான் பார்த்திருக்கிறேன். பச்சை எண்பத்தொன்பதையும் பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் இதே ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு வந்து போய், இன்னொரு மாடியில், இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்து ஆறுதல் பட்டிருக்கிறேன். பீடியில் போன நுரையீரல், இவருக்கு ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து, எண்பத்தெட்டுக்கு மேல் இருந்தால் போதும், கூட்டாதீர்கள் என்று நுரையீரல் டாக்டர் அப்பாவுக்கு எழுதியிருந்தார். அந்த உத்தரவை அப்பாவின் பதிவில் நிரந்தரமாக வைக்கச் சொன்னவள் நான்தான்.

தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டிய பிள்ளைக்கு அப்பாவின் அளவில் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போட்ட கத்தலில் நர்ஸ் ஓடி வந்தார். "பச்சையாத்தானக்கா இருக்கு" என்றார். அது இவனுடைய பச்சை இல்லை என்று நான் சொன்னது அவருக்கு எப்படிப் புரியும்? பலகையைப் பிடுங்கி உத்தரவு இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். மூன்று வயதுப் பிள்ளையின் பதிவில் நாள்பட்ட பீடி நோய். அவர் முகம் மாறியது. ஒரு கணம்கூட நிற்காமல் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்தார், பிள்ளையைப் பார்த்தார், குழாயை எடுத்துவிட்டு முகமூடி வைத்தார். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றுமூன்று. தொண்ணூற்றைந்து. பலகை கூவத் தொடங்கியது. அதன் கணக்குப்படி அப்பாவுக்கு ஆக்சிஜன் கூடிப்போயிருந்தது.

"இதை முதல்ல சரி பண்ணுங்க" என்றார் டாக்டர். அவர் சத்தம் போடவில்லை. "அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்து இதைப் பார்த்து ஆக்சிஜனைக் குறைச்சா என்ன செய்வீங்க?"

கீழ்த்தளத்தில் பில் போடும் அறைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்ணை எழுப்பி, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, என் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். இறந்த தேதி என்ற கட்டம். பத்து நாளாக நான் தொடாத கட்டம். இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை சரியாக வந்தது. சேமி என்று அழுத்தினேன், பிரிக்கும் கருவியை ஓடவிட்டேன். ஒரு பெருமூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. ஒரு பதிவு இரண்டாகி நின்றது. அப்பாவின் கோடு நாற்பத்தேழில் நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. பயலின் கோடு ஒன்பதில் தொடங்கியது. அவன் பதிவில் பழைய உத்தரவு எதுவும் இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு வரி புதிதாக வந்து நின்றது. இரங்கல் செய்தி அனுப்பப்பட்டது.

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நினைவூட்டும் பாகத்தை எழுதியவர், இறந்தவர் வீட்டுக்கு மறுபடி மறுபடி அழைப்பு போகக் கூடாதே என்று அக்கறையாக யோசித்து, கூடவே இதையும் வைத்திருக்கிறார். யாருக்காவது இறந்த தேதி ஏறினால், அழைப்புகளை நிறுத்திவிட்டு, குடும்பத்துக்கு ஆறுதலாக நாலு வரி அனுப்பும். ஆபீஸில் செய்தபோதெல்லாம் வெளிவழியை அடைத்திருந்ததால் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. இன்றைக்கு அவசரத்தில் நான் அடைக்கவில்லை. அனுப்பிய செய்தியைத் திறந்தேன். பெயர் இருந்தது, இனிஷியலோடு. அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல் என்று இருந்தது. தேதி இல்லை. பதிவு பிரிவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டதால், கடைசியாகச் சேர்ந்திருந்த பிரிவின் பெயரை அதுவாக எடுத்துக் கையெழுத்து மாதிரி கீழே போட்டிருந்தது. குழந்தைகள் நலப் பிரிவு.

போன இடம், அப்பாவின் நம்பர்.

லிப்ட்டுக்கு நிற்கவில்லை. படியில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அப்படியே ஓடினேன். வழியெல்லாம் அவள் அலறல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அவள் கட்டிலோரம் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், இன்னும் திறக்காமல். கைப்பேசி மெத்தைமேல் கிடந்தது, திரையில் அந்த நாலு வரி. நர்ஸ் என்னைப் பார்த்ததும், "அக்கா, பிள்ள நல்லாத் தூங்குது, தொண்ணூத்தாறு இருக்கு. எவ்வளவு சொன்னாலும் இவங்க கேக்க மாட்டேங்காங்க" என்றார். அவளுடைய மற்றக் கை போர்வைக்குள் இருந்தது. பயலின் தொடையில்.

கிள்ளினாள். பயல் முகமூடிக்குள் வீரிட்டான். அவன் அழுது ஓய்ந்து மறுபடி கண்ணை மூடியதும் திரும்பவும் கிள்ளினாள்.

"ஏட்டி, விடு. அது நம்ம அப்பாவுக்கு வந்தது. நான்தான் அடிச்சேன். தப்பு என் மேலதான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நான் சொன்னது அவளுக்குப் புரிந்திருந்தது, ஆனால் எட்டவில்லை.

"மாமா செத்து மூணரை வருசமாச்சுல்லா மதினி" என்றாள், எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல, பைய. "பச்சையா இருக்குன்னு சொன்னீங்க."

பயலின் அழுகை மறுபடி தேயத் தொடங்கியது. அவள் கை போர்வைக்குள் நகர்ந்தது. பிடித்துத் தடுத்திருக்கலாம், நர்ஸ்கூட என்னைத்தான் பார்த்தார். நான் தடுக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அழுவதை எனக்கும் இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.